80 டிகிரியில் வாழும் பாக்டீரியாவின் நொதியைப் படிகமாக்கிய பதிவு

வெந்நீர் ஊற்றுகளிலும் கடலடி வெப்பத் துளைகளிலும் வாழும் பாக்டீரியாக்களின் புரதங்கள் எளிதில் படிகமாகிவிடும் என்ற நம்பிக்கை, புரதங்களைப் படிகமாக்கி எக்ஸ் கதிரால் அவற்றின் முப்பரிமாண வடிவத்தை ஆராயும் ஆய்வகங்களில் நெடுங்காலமாக உண்டு. அது ஆதாரமில்லாத நம்பிக்கை அன்று. செல்லில் புரதங்களை உண்டாக்கும் ரைபோசோம் போன்ற பெரிய மூலக்கூற்றுத் தொகுதியையும் படிகமாக்க முடியும் என்று 1980களில் காட்டத் தொடங்கிய அடா யோனத், வெப்பநாட்டப் பாக்டீரியாவின் ரைபோசோமையே நாடினார். 2000ஆம் ஆண்டில் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் குழு 3 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) நுணுக்கத்தில் வெளியிட்ட ரைபோசோமின் சிறு துணையலகும் தெர்மஸ் தெர்மோஃபிலஸ் என்ற வெப்பநாட்டப் பாக்டீரியாவிலிருந்து வந்ததுதான். தெர்மோடோகா மாரிடிமா என்ற இன்னொரு வெப்பநாட்டப் பாக்டீரியாவின் மரபணுத் தொகுதி 1999இல் வெளியான பிறகு, அதன் புரதங்கள் அனைத்தையும் வரிசையாகப் படிகமாக்கிப் பார்க்கும் முயற்சியே அமெரிக்காவில் ஒரு கூட்டு ஆய்வு மையத்தில் நடந்தது.

நாங்கள் எடுத்துக்கொண்ட புரதமும் அந்தத் தெர்மோடோகா மாரிடிமாவுக்கு உரியது. இத்தாலியின் வுல்கானோ தீவை ஒட்டிய, புவிவெப்பத்தால் சூடேறிய கடற்படிவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு 1986இல் விவரிக்கப்பட்ட இந்தப் பாக்டீரியா 80 டிகிரி செல்சியஸ் அளவில் மிக நன்றாக வளரும். எங்கள் புரதம் சர்க்கரைச் சங்கிலிகளை நீரேற்றி உடைக்கும் ஒரு நொதி. அதன் ஒவ்வோர் இழையிலும் ஏறத்தாழ 320 அமினோ அமிலங்கள் உள்ளன. இரண்டு இழைகள் சேர்ந்த இரட்டையாக அது கரைசலில் இருக்கிறது. வெப்பத் தாங்குதிறன் தூய்மையாக்கலில் பெரும் உழைப்பை மிச்சப்படுத்தியது. படிகமாக்கலில் அதே திறன் நேரடியாக எதையும் தரவில்லை. வெப்பநிலையை நாங்கள் ஒரு கருவியாகக் கையாளத் தொடங்கிய பிறகே பலன் கிடைத்தது. இந்தப் பதிவில் அந்த இரண்டாம் பகுதிக்கே மிகுதியாக இடம் கொடுத்திருக்கிறேன்.

சூடேற்றித் தூய்மையாக்கியது

மரபணுவை, ஆய்வகங்களில் வழக்கமாக வளர்க்கும் எ.கோலை பாக்டீரியாவில் புகுத்திப் புரதத்தை உண்டாக்குவதில் புதுமை ஒன்றும் இல்லை. ஒன்றை மட்டும் குறிப்பிட வேண்டும். தெர்மோடோகா, அர்ஜினினுக்கும் ஐசோலியூசினுக்கும் பயன்படுத்தும் சில மும்மைக் குறிகள் (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்து மரபணுச் சொற்கள்) எ.கோலையில் அரிதானவை என்பதால், சாதாரண வகையில் விளைச்சல் மிகக் குறைவாக இருந்தது. அந்த அரிய குறிகளுக்கு உரிய அமினோ அமிலத்தைக் கொண்டுசேர்க்கும் டிஆர்என்ஏக்களைக் கூடுதலாகச் சுமக்கும் எ.கோலை வகைக்கு மாறியதும் விளைச்சல் போதுமான அளவுக்கு உயர்ந்தது.

செல்களை உடைத்துத் தெளியவைத்த சாற்றை 75 டிகிரிக்குச் சூடேற்றினால் எ.கோலையின் சொந்தப் புரதங்களில் பெரும்பகுதி சிதைந்து திரளாகிவிடும். நம் நொதி கரைசலிலேயே நிற்கும். மைய விலக்குக் கருவியில் சுழற்றினால் இரண்டும் பிரிந்துவிடும். புத்தகத்தில் இது ஒரு வரிச் செய்தி. செய்யும்போது முதலில் கவனிக்க வேண்டியது பஃபர், அதாவது பிஹெச்சை (அமில-கார அளவை) நிலையாக வைத்திருக்கும் கரைசல். பலரும் பழக்கத்தால் கையிலெடுக்கும் டிரிஸ் பஃபரின் பிஹெச், ஒவ்வொரு டிகிரி வெப்ப உயர்வுக்கும் சுமார் 0.028 அளவு குறையும். 25 டிகிரியில் 8.0 என்று அளந்து வைத்த கரைசல் 75 டிகிரியில் ஏறக்குறைய 6.6க்கு இறங்கியிருக்கும். எங்கள் நொதியின் நிகர மின்சுமை சுழியாகும் பிஹெச் அதற்குச் சற்றுக் கீழே இருப்பதால், அந்த நிலையில் நல்ல புரதமும் கெட்ட புரதத்தோடு சேர்ந்து திரளும் அபாயம் உண்டு. பாஸ்பேட் பஃபரின் பிஹெச் வெப்பத்தோடு மிகச் சிறிதளவே மாறுகிறது. ஆகவே சூடேற்றும் கட்டம் முழுவதையும் பாஸ்பேட்டில் நடத்தினோம். ஆனால் பாஸ்பேட்டைப் படிகமாக்கும் கட்டம் வரை கொண்டுபோகக் கூடாது. கால்சியம், மெக்னீசியம், துத்தநாகம் ஆகியவை கலந்த துளிகளில் அது அழகான உப்புப் படிகங்களை உண்டாக்கி ஆய்வாளரை ஏமாற்றும். எனவே கடைசித் தூய்மையாக்கலில் ஹெப்பெஸ் பஃபருக்கு மாறிக்கொண்டோம்.

அடுத்தது சாற்றின் அடர்த்தி. கெட்டியான சாற்றை அப்படியே சூடேற்றினால், சிதையும் புரதங்கள் ஒரே கட்டியாக இறுகி, வேண்டிய நொதியையும் உள்ளே சிறைப்படுத்திக்கொள்கின்றன. சாற்றை இரண்டு மூன்று மடங்கு நீர்க்கச் செய்து, மெல்லிய சுவருடைய குழாய்களில் சிறு சிறு பகுதியாகப் பிரித்து, நீர்த்தொட்டியில் அவ்வப்போது கவிழ்த்துக் கலக்கிக்கொண்டே சூடேற்றியபோது திரள் மாவுபோல் தனித்தனியாக இறங்கியது. நொதியின் இழப்பும் மிகக் குறைந்தது. பெரிய குழாயின் நடுப்பகுதி 75 டிகிரியை எட்ட எடுத்துக்கொள்ளும் நேரம் பலர் நினைப்பதைவிட அதிகம் என்பதால், வெப்பமானியைத் தொட்டியில் வைக்காமல், அதே அளவு பஃபர் நிரப்பிய ஒரு குழாய்க்குள்ளேயே வைத்துப் பார்ப்பது நல்லது.

20 நிமிடச் சூடேற்றத்துக்குப் பிறகு மேலும் நீட்டிப்பதால் தூய்மை குறிப்பிடத்தக்க அளவு கூடுவதில்லை. கெடுதல் மட்டும் கூடும். உயர்ந்த வெப்பத்தில், காரத்தன்மை மிகுந்தால் இன்னும் வேகமாக, அஸ்பராஜின் எச்சங்கள் (புரதச் சங்கிலியிலுள்ள அமினோ அமில அலகுகள்) அமைடுத் தொகுதியை இழந்து அஸ்பார்ட்டிக் அமிலமாக மாறுகின்றன. நொதியின் செயல்பாடு அதனால் குறையாமல் போகலாம்; ஆனால் ஒரே கரைசலில் மின்சுமை சற்றே வேறுபட்ட மூலக்கூறுகள் கலந்துவிடுவது படிகத்துக்கு நல்லதன்று. படிகம் என்பது ஒரே மாதிரியான மூலக்கூறுகளின் அடுக்கு. டிடிடி போன்ற ஒடுக்கும் பொருள்களும் சூட்டில் விரைவாக ஆக்சிஜனேற்றம் அடைவதால் அவற்றைச் சூடேற்றம் முடிந்த பிறகே சேர்த்தோம். இதில் ஓர் உபரி நன்மையும் கிடைக்கிறது: எ.கோலையின் புரத உடைப்பு நொதிகளும் பெரும்பாலும் இந்தச் சூட்டிலேயே அழிந்துவிடுவதால், தடுப்பான்களைக் கொட்டிக்கொண்டு குளிர் அறையில் அவசர அவசரமாக வேலை செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை.

சூடு நீக்காதவையும் உண்டு. அவற்றில் முதன்மையானவை நியூக்ளிக் அமிலங்கள். 260 நானோமீட்டர் ஒளி உட்கவர்தலை 280 நானோமீட்டர் அளவோடு ஒப்பிட்டால், தூய புரதத்தில் விகிதம் 0.6ஐ ஒட்டி நிற்க வேண்டும். சூடேற்றம் மட்டும் முடிந்த கரைசலில் அது 1க்கும் மேலே இருந்தது. புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஒரே பட்டையாகத் தெரிந்த புரதத்தோடு டிஎன்ஏ ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று பொருள். சாறு எடுக்கும்போதே டிஎன்ஏவை உடைக்கும் டிஎன்ஏஸ் நொதியைச் சேர்த்து, நிக்கல் பத்தியில் (நிக்கல் அயனிகள் கொண்ட மணிகள் நிரப்பிய குழாயில்) புரதம் ஒட்டியிருக்கும்போது 1 மோலார் சோடியம் குளோரைடால் நிதானமாகக் கழுவியதில் விகிதம் சரியான இடத்துக்கு வந்தது.

நிக்கலில் ஒட்டுவதற்காகப் புரதத்தின் முனையில் சேர்த்திருந்த ஆறு ஹிஸ்டிடின் வாலை டெவ் புரோட்டியேஸ் என்ற புரத உடைப்பு நொதி கொண்டு வெட்டியெடுத்தோம். வழக்கமாக வெட்டிய பிறகு அந்தப் புரோட்டியேஸைப் பிரிக்க மீண்டும் ஒருமுறை பத்தியில் ஏற்ற வேண்டும். வெப்பநாட்டப் புரதத்தில் அதற்குக் குறுக்குவழி இருக்கிறது: இன்னொரு முறை 70 டிகிரிக்குச் சூடேற்றினால் டெவ் சிதைந்து அடியில் இறங்கிவிடும். வெட்டப்படாமல் மிஞ்சிய சிறு பகுதியை நீக்கப் பத்தி தேவைதான் என்றாலும், புரோட்டியேஸின் தடயம்கூட இல்லை என்ற உறுதியை இந்தச் சூடேற்றமே தருகிறது.

தூய்மையைச் சோதிக்கும் வழக்கமான முறைகள் இந்தப் புரதத்திடம் சற்றுத் தடுமாறுகின்றன. புரதத்தைக் குலைக்கும் எஸ்டிஎஸ் என்ற சவர்க்காரப் பொருளைக் கலந்து சில நிமிடங்கள் மட்டும் சுடவைத்த மாதிரியை ஜெல்லில் ஓட்டினால், 36,000 டால்டன் (மூலக்கூற்று எடையின் அலகு) இடத்தில் ஒரு பட்டையும் அதன் இரு மடங்கு இடத்தில் மங்கலான இன்னொரு பட்டையும் தெரிந்தன. மேலே தெரிந்தது மாசு அன்று, பிரியாமல் நின்ற இரட்டைதான். நன்றாகக் கொதிக்கவைத்த மாதிரியில் அது மறைந்தது. குலைந்த புரதத்தில் ஒட்டி ஒளிரும் சைப்ரோ ஆரஞ்சுச் சாயத்தைச் சேர்த்துப் படிப்படியாகச் சூடேற்றி, புரதம் குலையும் வெப்பநிலையை அளக்கும் சோதனையும் அப்படித்தான். எந்த பஃபரில் புரதம் உறுதியாக இருக்கிறது என்று அறிய உதவும் அருமையான சோதனை அது. ஆனால் கருவி 95 டிகிரியோடு நின்றுவிடும், எங்கள் நொதியோ அங்கும் குலைவதில்லை. வரைபடத்தில் நேர்கோடுதான் வரும். எல்லா மாதிரிகளிலும் புரதத்தைக் குலைக்கும் குவானிடின் ஹைட்ரோகுளோரைடை ஒரே அளவு சேர்த்து, குலையும் வெப்பநிலையைக் கருவியின் எல்லைக்குள் இறக்கிய பிறகே பஃபர்களை ஒப்பிட முடிந்தது. அப்படி இறக்கிப் பெற்ற எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடலாமேயொழிய, புரதத்தின் உண்மையான உருகுநிலையாகக் கொள்ளலாகாது.

துளிகளும் வெப்பநிலையும்

கடைசியாக அளவுவாரிப் பிரிப்புப் பத்தியிலிருந்து ஒரே சீரான முகடாக வெளிவந்த நொதியை, 10 மில்லிமோலார் ஹெப்பெஸ், 100 மில்லிமோலார் சோடியம் குளோரைடு கொண்ட கரைசலில் அடர்த்தியாக்கினோம். பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவில், ஆரம்பத் துளிகளில் பெரும்பான்மை கண்ணாடிபோல் தெளிவாகவே கிடந்தன. வெப்பநாட்டப் புரதங்களில் இதைப் பலரும் கண்டிருப்பார்கள். மேற்பரப்பு முழுவதும் மின்சுமை நிறைந்திருப்பதால் அவை நன்றாகக் கரைகின்றன. சோதனைத் துளிகளில் ஏறத்தாழப் பாதி வீழ்படிவாகவும் மீதி தெளிவாகவும் இருக்கும்படியான அடர்த்தியே தொடக்கத்துக்கு ஏற்றது என்ற பழைய வழிகாட்டுதலைப் பின்பற்றி, 25 மில்லிகிராம் வரை உயர்த்தினோம்.

அந்த அடர்த்தியில்தான் இந்த வேலையின் திசையை மாற்றிய ஒன்று தென்பட்டது. பனிக்கட்டியில் வைத்திருந்த குழாய் மெல்லிய பால்வெண்மையாகக் கலங்கியிருந்தது. கையில் பிடித்துச் சற்று நேரம் சூடுபடுத்தியதும் முழுவதும் தெளிந்துவிட்டது. மீண்டும் குளிரவைத்தால் மீண்டும் கலங்கியது. கலங்கல் புரதம் கெட்டதால் வந்ததாக இருந்தால் சூட்டில் தெளிந்திராது. குளிரில் கரைதிறன் குறைந்து, வெப்பத்தில் கூடுகிற புரதம் இது என்பது தெளிவாயிற்று. அப்போதைக்குக் குறிப்பேட்டில் எழுதிவைத்துவிட்டு, பாதுகாப்புக்காகக் கரைசலை அறை வெப்பநிலையிலேயே வைத்துக்கொண்டு, வழக்கமான தேடலைத் தொடங்கினோம்.

அதற்குப் பயன்படுத்திய ஆவிப் பரவல் முறையின் தத்துவம் எளிது. புரதக் கரைசலில் 1 மைக்ரோலிட்டரையும், பாலிஎத்திலீன் கிளைக்கால் போன்ற வீழ்படிவாக்கி உள்ள கரைசலில் 1 மைக்ரோலிட்டரையும் ஒரு கண்ணாடித் தகட்டில் ஒரே துளியாகக் கலந்து, அதே வீழ்படிவாக்கிக் கரைசல் அரை மில்லிலிட்டர் உள்ள குழியின் மேல் தலைகீழாகக் கவிழ்த்து, விளிம்பைக் கிரீஸால் அடைத்துவிட வேண்டும். துளியில் வீழ்படிவாக்கியின் செறிவு குழியில் உள்ளதில் பாதிதான் என்பதால், துளியிலிருந்து நீர் ஆவியாகிக் குழிக்குச் செல்கிறது. துளி மெதுவாகச் சுருங்கி, புரதம் மீத்தெவிட்டிய நிலையை (கரையக்கூடிய அளவைவிட அதிகமாகக் கரைந்திருக்கும் நிலையை) அடைகிறது. அந்த நிலைக்குள்ளும் இரண்டு பகுதிகள் உண்டு. உயர்ந்த பகுதியில் புதிய படிகக் கருக்கள் தாமாகப் பிறக்கும். தாழ்ந்த பகுதியில் கரு பிறக்காது, ஆனால் ஏற்கெனவே உள்ள படிகம் வளரும். நல்ல படிகம் வேண்டுமென்றால் மேல்பகுதியைச் சற்றே தொட்டுவிட்டுக் கீழ்ப்பகுதிக்குத் திரும்ப வேண்டும். துளியோ மேல்நோக்கி மட்டுமே நகரத் தெரிந்தது. படிகமாக்கலின் இடர்கள் பலவற்றுக்கும் மூலம் இந்த ஒருவழிப் பயணம்தான்.

எந்த உப்பு, எந்த பிஹெச், எந்த வீழ்படிவாக்கி என்று முன்கூட்டிச் சொல்லும் கோட்பாடு இன்றும் இல்லை. அதற்கு மாற்றாக, முன்பு வெற்றி தந்த நிலைமைகளிலிருந்து பரவலாகப் பொறுக்கியெடுத்த கலவைத் தொகுப்புகளைப் பயன்படுத்தும் வழக்கம் 1991இல் ஜான்காரிக்கும் கிம்மும் வெளியிட்ட 50 கலவைகளிலிருந்து பரவியது. நாங்களும் அத்தகைய வணிகத் தொகுப்புகள் சிலவற்றை 20 டிகிரியில் வைத்துப் பார்த்தோம். முதலில் கண்ணைக் கவர்ந்த கூரான, பளிச்சிடும் படிகங்கள் உப்பாக முடிந்தன. மெல்லிய ஊசியால் தொட்டால் புரதப் படிகம் எதிர்ப்பின்றி நொறுங்கும், உப்புப் படிகமோ கடினமாக நின்று நொறுங்கும்போது ஒலிக்கும். மெத்திலீன் நீலம் சேர்த்தால் புரதப் படிகத்தின் நீர்வழிகளுக்குள் சாயம் நுழைந்து நிறமேறும், உப்பில் ஏறாது. புறஊதா ஒளியில் டிரிப்டோஃபேன் ஒளிர்வதைக் காட்டும் நுண்ணோக்கி இருந்தால் படிகத்தைத் தொடாமலே முடிவு தெரிந்துவிடும். எங்கள் நொதியில் டிரிப்டோஃபேன் போதுமான அளவு இருந்தது நல்லதாயிற்று.

உண்மையான புரதப் படிகங்கள் பாலிஎத்திலீன் கிளைக்கால் 3350, அமோனியம் அசெட்டேட், பிஹெச் 6.5 பிஸ்-டிரிஸ் பஃபர் உள்ள துளியில் தோன்றின. எல்லாம் ஒரே மையத்திலிருந்து எல்லாப் பக்கமும் பீறிட்ட மெல்லிய ஊசிக் கொத்துகள். கொத்தில் ஒன்றை உடைத்தெடுத்து எக்ஸ் கதிரில் காட்டினால் சில மங்கிய புள்ளிகளைத் தவிர வேறொன்றும் கிடைக்காது. செறிவைச் சிறிது சிறிதாகக் குறைத்தும் பிஹெச்சை நகர்த்தியும் பல தட்டுகளை வைத்ததில், கொத்து சிறிதாயிற்று அல்லது துளி தெளிவாகவே நின்றது. தனித்த தடித்த படிகம் வரவில்லை.

உள்ளே விறைப்பாக இருக்கும் புரதம் ஏன் நன்றாக அடுக்கப்படவில்லை என்பதற்கு அதன் வரிசையே விடை சொல்கிறது. தெர்மோடோகா போன்றவற்றின் புரதங்களில் தளர்ந்த வளைவுகள் குறைவு. எதிரெதிர் மின்சுமைகள் பிணையும் உப்புப் பாலங்கள் மிகுதி. இவை படிகத்துக்கு உதவும் பண்புகள். ஆனால் அந்த மின்சுமையைத் தருபவை பெரும்பாலும் லைசினும் குளுட்டமிக் அமிலமும். இரண்டும் நீண்ட பக்கத் தொகுதி கொண்டவை. மேற்பரப்பில் அசைந்துகொண்டிருக்கும் அந்தத் தொகுதிகளைப் படிகத் தொடர்பில் அசையாமல் நிறுத்த வேண்டுமென்றால் இயங்கு சுதந்திரத்தை இழக்க வேண்டும். அதற்கான ஆற்றல் விலை படிகத்துக்கு எதிராக நிற்கிறது. முடி போர்த்திய செங்கற்களை அடுக்குவது போன்ற வேலை இது: செங்கல் எவ்வளவு உறுதியானாலும் அடுக்கின் ஒழுங்கை முடிதான் தீர்மானிக்கும். ஆகவே, வெப்பம் தாங்குகிற புரதம் எளிதில் படிகமாகும் என்று சொல்வதைவிட, அது படிகமாகும் வரை கெடாமல் காத்திருக்கும் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது.

அந்த முடியைத் திருத்தும் வழிகளில் ஒன்று, லைசின்களை ஃபார்மால்டிஹைடும் டைமெத்திலமின்-போரேனும் கொண்டு மெத்திலேற்றம் செய்வது. ஒவ்வொரு லைசினுக்கும் 28 டால்டன் கூடுவதை நிறை நிறமாலையில் சரிபார்க்கலாம். எங்கள் நொதி அதைத் தாங்கிக்கொண்டது. ஆனால் செயல்பாடு வெகுவாகக் குறைந்தது. நொதியின் வினை நடக்கும் இடமான செயல்படும் குழியின் அருகில் ஒரு லைசின் இருப்பதே காரணமாக இருக்கலாம். வடிவம் மட்டும் போதுமென்றால் அந்த வழியில் மேலும் போயிருக்கலாம். வினைப்பொருள் (நொதி உடைக்கும் சர்க்கரைச் சங்கிலி) ஒட்டும் விதத்தைப் பார்ப்பதே நோக்கம் என்பதால் அதை விட்டுவிட்டோம்.

பயன் தந்தது விதையிடல். ஊசிக் கொத்துகள் உள்ள துளியில் குழிக் கரைசல் 50 மைக்ரோலிட்டரைச் சேர்த்து, சிறு மணி உள்ள குழாயில் இட்டு, குளிரவைத்தும் அதிரவைத்தும் நொறுக்கினால் கண்ணுக்குத் தெரியாத விதைகள் நிறைந்த கரைசல் கிடைக்கும். அதைப் பத்துப் பத்து மடங்காக நீர்க்கச் செய்து, ஒவ்வொரு நிலையையும் சோதித்ததில், ஆயிரம் மடங்கு நீர்த்ததில் துளிக்குச் சில படிகங்களே பிறந்தன. அதைவிடப் பெரிய ஆதாயம், இந்த விதைகளை அவை பிறந்த கலவைக்கு மட்டுமன்றி முழுத் தேடல் தொகுப்புகளுக்கும் இட்டதில் கிடைத்தது. முன்பு தெளிவாக நின்ற கலவைகள் சிலவற்றில் புதிதாகப் படிகம் வளர்ந்தது. அவற்றில் மெக்னீசியம் குளோரைடு உள்ள ஒன்றில் ஊசிக்குப் பதிலாகத் தகடுகள் வந்தன. தாமாகக் கரு பிறக்க முடியாத நிலைமைகளில்கூட வளர்ச்சி நன்றாக நடக்கலாம் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

தகடுகள் அகலமாக இருந்தாலும் காகிதம்போல் மெலிந்திருந்தன. இந்த இடத்தில்தான் குளிரில் கலங்கி வெப்பத்தில் தெளிந்த அந்தக் குழாய் நினைவுக்கு வந்தது. வெப்பநிலை உயர்ந்தால் கரைதிறன் உயரும் என்றால், துளியின் ஒருவழிப் பயணத்தைத் திருப்பிவிட நமக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது: சூடேற்றினால் மிகைக் கருக்கள் கரையும், மெதுவாகக் குளிர்வித்தால் மிஞ்சியவை வளரும். சாதாரணப் புரதத்தை 45 டிகிரியில் நாள்கணக்கில் வைத்திருக்க யாரும் துணியமாட்டார்கள். 80 டிகிரியில் வாழும் உயிரியின் நொதிக்கு 45 டிகிரி ஒரு பொருட்டன்று.

ஆனால் தொங்கும் துளியில் இதைச் செய்ய முடியாது. வெப்பநிலை மாறும்போதெல்லாம் கண்ணாடித் தகட்டின் அடியில் நீர் வியர்த்துத் துளியில் கலந்து அதை நீர்க்கச் செய்துவிடும்; 40 டிகிரியைத் தாண்டினால் விளிம்புக் கிரீஸும் இளகி நம்பகமற்றதாகிறது. எனவே எண்ணெய்க்கு அடியில் வைக்கும் முறைக்கு மாறினோம். இதில் புரதமும் வீழ்படிவாக்கியும் கலந்த சிறு துளி, பாரஃபின் எண்ணெய்ப் படலத்துக்கு அடியில் கிடக்கிறது. பாரஃபின் எண்ணெய் நீரை மிகக் குறைவாகவே வெளியே விடும்; சிலிகான் எண்ணெயைக் கலந்தால் ஆவியாதல் கூடிவிடும் என்பதால் அதைத் தவிர்த்தோம். செறிவு ஏறத்தாழ மாறாமல் நிற்க, வெப்பநிலை ஒன்றே மாறுகிறது. விதையிட்ட துளிகளை 42 டிகிரியில் தொடங்கி, பெரும்பாலான நுண்கருக்கள் கரையும் வரை விட்டு, பிறகு நாளுக்கு ஒரு டிகிரி வீதம் 20 டிகிரிக்கு இறக்கினோம். தட்டைத் தடித்த நுரைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை அடைகாப்பியில் வைத்ததில் அடைகாப்பி தொடங்கி நிற்கும்போது ஏற்படும் சிறு ஏற்ற இறக்கங்கள் துளியை எட்டவில்லை. பாலிஎத்திலீன் கிளைக்கால் சூட்டில் ஆக்சிஜனேற்றமடைந்து ஆல்டிஹைடுகளை உண்டாக்கக்கூடியது; அதனால் ஒளிபடாமல் வைத்திருந்த புதிய கரைசலை மட்டுமே பயன்படுத்தினோம். இந்த ஏற்பாட்டில் வளர்ந்த தகடுகள் 50 மைக்ரோமீட்டர் வரை தடித்து, ஓரங்கள் நேராகவும் கூராகவும் இருந்தன.

எக்ஸ் கதிரில்

புரதப் படிகத்தின் பாதியளவு நீரும் கரைசலுமே. உலர்ந்தால் ஒழுங்கு குலைந்துவிடும். 1934இல் பெர்னாலும் டோரதி குரோஃபுட்டும் பெப்சின் படிகத்தைத் தாய்க்கரைசலோடு ஈரமாகவே வைத்துப் படமெடுத்த பிறகுதான் புரதப் படிகங்களுக்கும் தெளிவான புள்ளிப் படம் கிடைக்கும் என்பது உலகுக்குத் தெரிந்தது. இன்று அந்த ஈரத்தைக் காப்பது, படிகத்தைத் திரவ நைட்ரஜனில் சட்டென உறையவைத்து 100 கெல்வினில் வைத்திருப்பதன் மூலம். கதிர்ச் சேதமும் அதனால் குறைகிறது. நீர் பனிக்கட்டிப் படிகமாகாமல் கண்ணாடிபோல் உறைய வேண்டும் என்பதால் உறைகாப்புப் பொருள் தேவை. எங்கள் கலவையில் இருந்த 22 விழுக்காடு பாலிஎத்திலீன் கிளைக்கால் மட்டும் போதவில்லை; 20 விழுக்காடு கிளிசராலைச் சேர்த்தால் தகடுகளில் விரிசல் ஓடியது; எத்திலீன் கிளைக்காலை 5, 10, 15 என்று படிப்படியாக உயர்த்தியதைப் படிகம் தாங்கிக்கொண்டது. எண்ணெய்க்கு அடியில் வளர்ந்த படிகத்தை எண்ணெய்ப் படலத்தோடு தூக்குவது கூடுதல் பாதுகாப்பு என்று சிலர் சொல்வார்கள். எங்களுக்கு அந்த எண்ணெய், படிகத்தை ஏந்தும் சிறு வளையமான கண்ணியில் மிகுந்து நின்று பின்னணியை உயர்த்தியதால், தாய்க்கரைசலில் ஒருமுறை இழுத்து அதை நீக்கிவிட்டோம்.

ஆய்வகத்திலுள்ள செப்பு மூலக் கருவியில் எடுத்த முதல் படங்களில் 3.9, 3.67, 3.44 ஆங்ஸ்ட்ராம் இடங்களில் பனிக்கட்டி வளையங்கள் தெரிந்தன. குளிர்க்காற்றுத் தாரையைச் சில விநாடிகள் தடுத்துப் படிகத்தை உருகவிட்டு மறுபடி உறையவைத்தால் சில வேளை சரியாகும். எங்கள் தகடுகளில் அது புள்ளிகளை இன்னும் பரப்பியது. உறையவைக்காமல் அறை வெப்பநிலையில் ஒரு படிகத்தைத் தனியே சோதித்ததில் புள்ளிகள் கூர்மையாக இருந்தன. ஆகவே குறை படிகத்தில் இல்லை, உறையவைக்கும் முறையில்தான் என்று உறுதியாயிற்று. கண்ணியின் அளவைப் படிகத்துக்கு ஒட்டினாற்போல் சிறிதாக்கி, சுற்றியுள்ள திரவத்தைக் குறைத்ததும் வளையங்கள் மறைந்தன. சிங்க்ரோட்ரான் என்ற துகள் முடுக்கி தரும் செறிந்த எக்ஸ் கதிரில், 1 ஆங்ஸ்ட்ராமை ஒட்டிய அலைநீளத்தில், சிறந்த படிகம் 1.8 ஆங்ஸ்ட்ராம் வரை பயன்படத்தக்க தரவைத் தந்தது. மேத்யூஸ் 1968இல் வகுத்த கணக்கின்படி பார்த்தால், ஒரு டால்டனுக்கு 2.2 கன ஆங்ஸ்ட்ராம் என்ற அளவோடு, சமச்சீரற்ற அலகில் (படிகம் முழுவதும் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய தனிப் பகுதியில்) ஓர் இரட்டையும் சுமார் 44 விழுக்காடு கரைசலும் இருக்க வேண்டும்.

புள்ளிப் படத்தில் நேரடியாகப் பதிவாகாத, ஆனால் வடிவத்தைக் கணக்கிடத் தேவையான அலைக் கட்டங்களைக் கண்டறிவது முன்பு ஒரு தனிப் போராட்டம். மெத்தியோனினில் கந்தகத்துக்குப் பதிலாகச் செலினியத்தைப் புகுத்திய புரதத்தைப் புதிதாக உண்டாக்கி, அதையும் படிகமாக்க வேண்டியிருக்கும். இம்முறை, புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் கணித்த மாதிரியில் நம்பகம் குறைந்த முனைகளை வெட்டிவிட்டு, மாதிரி ஒன்றைக் கொண்டு கட்டங்களைக் கண்டறியும் மூலக்கூற்றுப் பதிலீட்டில் கொடுத்ததும் விடை உடனே கிடைத்தது. கணித்த மாதிரியே இவ்வளவு நெருக்கமாக இருந்தால் படிகம் எதற்கு என்று கேட்கலாம். புரதச் சங்கிலியின் முதுகெலும்பு செல்லும் பாதையை மட்டும் அறிய வேண்டுமென்றால் எங்களுக்கும் படிகம் தேவைப்பட்டிருக்காது. செயல்படும் குழியில் பிணைந்திருக்கும் நீர் மூலக்கூறுகள், வினைப்பொருளின் சர்க்கரை வளையம் எடுக்கும் வடிவம், அதை நோக்கி எந்தப் பக்கத் தொகுதி எவ்வளவு திரும்புகிறது என்பவற்றைக் கணிப்பு நம்பத்தக்க விதத்தில் தருவதில்லை.

தெளிவான எலக்ட்ரான் அடர்த்தி வரைபடத்தில் முதலில் தேடியது படிகத் தொடர்புகளைத்தான். எதிர்பார்த்தபடியே லைசின்களில் பெரும்பாலானவை நீர்வழிகளைப் பார்த்துத் திரும்பியிருந்தன. பலவற்றின் நுனிகளுக்கு அடர்த்தியே தெரியவில்லை. மூலக்கூறுகள் ஒன்றையொன்று தொட்ட இடங்களில் அர்ஜினின், டைரோசின், குறுகிய வளைவுகளின் முதுகெலும்பு ஆகியவையே இருந்தன. ஒரு தொடர்பின் நடுவே, இரு மூலக்கூறுகளின் அஸ்பார்ட்டிக் அமிலங்களுக்கிடையே, நீரால் சூழப்பட்ட ஒரு மெக்னீசியம் அயனி உட்கார்ந்திருந்தது. ஊசிகளுக்குப் பதிலாகத் தகடுகள் வந்ததற்கு மெக்னீசியம் குளோரைடு எப்படிக் காரணமாயிற்று என்பதற்கு இதுவே நேரான விளக்கம்.

வினைப்பொருளோடு சேர்ந்த வடிவத்தைப் பெறுவதில் வெப்பநாட்டம் கடைசியாக ஒருமுறை கைகொடுத்தது. சாதாரண நொதியின் படிகத்தில் வினைப்பொருளை ஊறவைத்தால், படிகத்துக்குள்ளேயே அது உடைந்து விளைபொருளாகிவிடும். அதைத் தடுக்க வினைபுரியும் எச்சத்தை மாற்றிய செயலிழந்த வடிவத்தைத் தனியே உண்டாக்க வேண்டும். எங்கள் நொதி 80 டிகிரியில் சுறுசுறுப்பானது. 20 டிகிரியில் அநேகமாகத் தூங்குகிறது. 20 டிகிரிக்கு இறக்கிய தகடுகளை, மேலும் 4 டிகிரிக்குக் குளிர்வித்து, 10 மில்லிமோலார் வினைப்பொருளில் சில நிமிடங்கள் ஊறவைத்து உறையவைத்ததில், இரட்டையின் ஒரு குழியில் சங்கிலி முழுதாக, உடையாமல் கிடந்தது. மற்றொரு குழியை அண்டை மூலக்கூறு பாதி மறைத்திருப்பதால் அங்கே வினைப்பொருள் நுழையவில்லை. இரண்டு குழிகளும் திறந்திருக்கும் வேறொரு படிக அடுக்கைத் தேடி, மைனஸ் 80 டிகிரியில் சேமித்துவைத்த அதே விதைக் கரைசலை அமோனியம் சல்பேட் தொகுப்புகளில் இட்டிருக்கிறோம். இம்முறை தட்டுகள் 37 டிகிரியிலிருந்தே தொடங்குகின்றன.